ஓட்டுநர் இல்லாத ட்ரெய்லருக்கு எந்தச் சாலை? மணலி–எண்ணூர் தடத்துக்கு நான்கு யோசனைகள்

வடசென்னையின் மணலியிலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை போகும் கன்டெய்னர் தடத்தில் ஓட்டுநர் இல்லாத ட்ரெய்லர் ஒருநாள் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாள் ஐந்து வருடத்தில் வருமா, இருபது வருடத்திலா என்பது வேறு சண்டை. இன்றைக்குத் தோண்டி, அடித்தளம் போட்டு, வடிகால் கட்டும் சாலை பதினைந்து இருபது வருடம் கிடக்கும். அந்தச் சாலையில் இப்போது எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

நான்கு யோசனைகள் உண்டு. தானோட்டி வண்டிக்குத் தடுப்புச்சுவர் வைத்த தனி வழி (லேன்). சாலையோரம் சென்சாரும் ரேடியோவும் நட்டு, சாலையையே வண்டியோடு பேச வைப்பது. இருக்கிற சாலையின் கோடு, வடிகால், வேகத்தடை, சிக்னல் எல்லாவற்றையும் மனிதக் கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒன்றுபோலப் புரியும்படி ஒழுங்காக்குவது. தானோட்டியைத் துறைமுக வேலிக்குள் மட்டும் விட்டு, வெளியே இன்றைய ஓட்டுநரையே வைத்துக்கொள்வது. எங்கள் ஓட்டு கடைசி இரண்டும் சேர்ந்த கலவைக்கு. முதலாவதுதான் கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். பணமும் அதில்தான் அதிகம் போகும். அதனால் அதைத்தான் நன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 3-ஆம் பிரிவு, உரிமம் பெறாத எவரும் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது; ஓட்டுநரே இல்லாத வண்டிக்கு அதில் இடமில்லை. 2019 திருத்தத்தில் நுழைந்த 2பி பிரிவு, ஆராய்ச்சிக்காகச் சில வகை வண்டிகளுக்கு மத்திய அரசு விலக்கு தரலாம் என்று சின்னதாக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் தானோட்டிக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலேயே சொல்லிவிட்டார். ட்ரெய்லர் ஓட்டியே குடும்பம் நடத்துகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் வடசென்னையில் அந்தப் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தனி வழி: அகலக் கணக்கு எங்கே இடிக்கிறது

தானோட்டி நூல் பிடித்தாற்போல் ஓடும், ஆகவே வழியைக் குறுக்கலாம் என்பதே இந்த யோசனையின் அச்சாணி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) தரப்படி ஒரு வழியின் அகலம் 3.5 மீட்டர். வண்டியின் உச்ச அகலம் 2.6 மீட்டர். நடுவில் ஓடினால் இருபக்கமும் 45 செ.மீ. இடம் இருக்கும். வழியை 3 மீட்டராக்கினால் அது 20 செ.மீ. ஆகிவிடும். நான்கு வழிச் சாலையில் இப்படி 2 மீட்டர் மிச்சமாகும். ஐ.ஆர்.சி. 103 நடைபாதைக்குக் கேட்கும் 1.8 மீட்டர் ஒரு பக்கத்துக்கு அதிலேயே கிடைத்துவிடும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சாக்கடை மூடிமேல் கால்வைத்து நடக்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அந்த 2.6 மீட்டரில் பக்கக் கண்ணாடி சேராது. தானோட்டி லாரிகளில் கண்ணாடி இருக்கும் இடத்திலேயே கேமராவும், லேசர் கதிரால் தூரம் அளக்கும் லைடாரும் புடைத்துக்கொண்டு நிற்கும். 20 செ.மீ. இடைவெளியில் முதலில் உரசி உடைவது அந்த விலை உயர்ந்த கண்கள்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது. மனித ஓட்டுநர் கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று அலைந்துதான் ஓட்டுவார். சுமை ஒரே கோட்டில் விழாமல் பரவுவதால் தார்த்தளம் தாக்குப்பிடிப்பதற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம். நூல் பிடித்து ஓடும் வண்டி ஆயிரம் முறை போனாலும் சக்கரம் அதே தடத்தில்தான் இறங்கும். தார்ச்சாலை வடிவமைப்புக்கான ஐ.ஆர்.சி. 37-இன் அளவுகோல் 80 கிலோநியூட்டன் அச்சு, அதாவது 8.16 டன். 2018-இல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சேதம் சுமையின் நான்காம் அடுக்காக ஏறும் என்ற வழக்கமான கணக்கில், 11.5 டன் அச்சு ஒருமுறை போவது அளவுகோல் அச்சு நான்கு முறை போவதற்குச் சமம். ஓவர்லோடு ஏற்றி 15 டன் ஆனால் பதினொன்றுக்கும் மேல். இதெல்லாம் ஒரே இரண்டு சக்கரத் தடங்களில் விழுந்தால், 20 மி.மீ. பள்ளம் என்ற தோல்வி எல்லை சீக்கிரமே வந்துவிடும். மே மாத வெயிலில் துறைமுக வாசலுக்காக வரிசை கட்டி நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். இளகிய தார்மேல் ஓடும் சுமையைவிட, நின்று நகரும் சுமைதான் தளத்தை அதிகம் அமுக்கும்.

பள்ளம் விழுந்தபின் என்ன ஆகும்? மழைத்தண்ணீர் சக்கரத் தடத்தில் வாய்க்கால்போல நீளவாக்கில் நிற்கும். முன்வண்டி வாரியடிக்கும் திவலை பின்வண்டியின் லைடார் கதிரை மறைக்கும். பள்ளத்தைத் தோண்டிய வண்டிக்கே அந்தப் பள்ளம் கண்ணைக் கட்டிவிடும்.

இதற்கு மருந்து உண்டு. ஒவ்வொரு வண்டியும் வேண்டுமென்றே வெவ்வேறு தூரம் விலகி ஓடும்படி மென்பொருளில் எழுதிவிடலாம். ஒன்று 20 செ.மீ. இடப்பக்கம், அடுத்தது நடுவில், அதற்கடுத்தது வலப்பக்கம். அப்படிச் சீராகப் பரப்பினால் மனித ஓட்டத்தைவிடவும் தளம் அதிக நாள் உழைக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். குறுக்கிய 3 மீட்டரில் அந்த இடம் இல்லை. குறுகிய வழி, பள்ளம் விழாத தார்த்தளம் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

தாரை விட்டு கான்கிரீட்டுக்குப் போனால் பள்ளம் விழாது. அங்கே வேறு இரண்டு சங்கடங்கள். கான்கிரீட் தளத்துக்குக் கீழே குடிநீர்க் குழாயோ மின்கேபிளோ இருந்தால், ஒரு கசிவுக்காகப் பலகை பலகையாக வெட்டி எடுக்க வேண்டும். அடியில் இருப்பதை ஓரத்துக்கு நகர்த்திய பிறகே கான்கிரீட்டைத் தொட வேண்டும். அடுத்தது, வெளுத்த தளத்தில் வெள்ளைக் கோடு கேமராவுக்குத் தெரியாது. கோட்டின் ஓரத்தில் கறுப்புப் பட்டை சேர்த்து அடித்தால்தான் எடுப்பாகத் தெரியும். எஸ்டிமேட்டில் இந்தக் கறுப்புப் பட்டை எளிதில் விடுபட்டுப் போகும்.

இனித் தடுப்புச்சுவர். சுவருக்குள் ஒற்றை வழி வைத்தால் ஒரு வண்டி பஞ்சரானதும் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். நின்ற வண்டியை ஊர்ந்தாவது தாண்ட 5.5 மீட்டர் வேண்டும். சுவரின் அடிப்பாகத்துக்கு இன்னொரு அரை மீட்டர். ஒரு திசைக்கு மூன்று வழி, 10.5 மீட்டர் உள்ள சாலையில் 6 மீட்டர் போய்விட்டால் மீதி 4.5. அந்த நாலரை மீட்டருக்குள் மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, பைக், ஓட்டுநர் ஓட்டும் மற்ற லாரிகள் எல்லாம் அடங்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கிற ஊரில் தீயணைப்பு வண்டி எந்தப் பக்கத்தால் வரும் என்பதையும் அந்த மீதியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலங்களையும் விட்டுவிட முடியாது. வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி அணியாக ஓடினால் டீசல் மிச்சம், வழியும் மிச்சம் என்று சொல்வார்கள். பாலச் சுமைக்கான ஐ.ஆர்.சி. 6-இல் 70ஆர் என்ற கனரகச் சக்கரவண்டிச் சுமைக்கு, ஒரு வண்டியின் வாலுக்கும் அடுத்ததன் மூக்குக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி வைத்தே பாலத்தின் கணக்குப் போடுகிறார்கள். 8 அல்லது 10 மீட்டரில் ஒட்டி வந்தால், இரு தூண்களுக்கு இடைப்பட்ட நீளமான கண்ணில், கணக்கில் இல்லாத இன்னொரு லாரியும் ஏறிவிடும். எண்ணூர்க் கழிமுகத்தையும் கொசஸ்தலையையும் தாண்டும் தடத்தில், பாலத்துக்கு முன்பே அணியைக் கலைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்க்கும் ஏற்பாடு கட்டாயம். ஏற்கெனவே நிற்கிற பாலத்தைப் பலப்படுத்துவதைவிட அது மலிவும்கூட.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது ஆட்கள் குறுக்கே நடக்கும் ஊர். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் மீனவர் குப்பங்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் பல சாலைக்கு அந்தப் பக்கம். சுவரில் 300 மீட்டருக்கு ஒரு திறப்பாவது விடாமல் முடியாது. ஒவ்வொரு திறப்பிலும் தானோட்டி மறுபடி மனிதர்களைச் சந்திக்கும். தனி வழி என்ற பெயர் அங்கே காகிதத்தோடு சரி. நடை மேம்பாலம் கட்டலாம் என்பார்கள். தலையில் மீன் கூடையோடு ஒரு அம்மா நாற்பது படி ஏற மாட்டார். இறங்கிக் குறுக்கேதான் போவார். அவர் செய்வது சரியும்கூட.

அந்தச் சந்திப்பு எப்படித் தவறும் என்பதற்கு 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்ப்பியில் நடந்த விபத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணைச் சோதனை ஓட்டத்தில் இருந்த கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வண்டி, ஏதோ பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தி, ஒவ்வொரு முறையும் பாதைக் கணிப்பை முதலிலிருந்து தொடங்கியது. சாலைக் கடவுப்பாதை அல்லாத இடத்தில் ஆள் குறுக்கே வரக்கூடும் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. முன்பக்கம் பெட்டி, பின்பக்கம் மிதிக்கிற ஆள், சிலசமயம் மோட்டாரும் கட்டிய நம் மீன்பாடி வண்டியை அது என்னவென்று வகைப்படுத்தியிருக்கும்? இங்கே ஓட வேண்டிய வண்டி இந்த ஊரில் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தச் சுவரும் அந்தப் பாடத்தைத் தவிர்த்துவிட முடியாது.

பார்வைத் தூரம் என்ற ஆசைகாட்டல்

தானோட்டி வந்தால் வளைவுகளையும் மேடுகளையும் இறுக்கமாக அமைக்கலாம் என்றொரு வாதம் உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஐ.ஆர்.சி. கேட்கும் நிறுத்தத் தூரம் 80 மீட்டர். அதில் ஓட்டுநர் பார்த்து முடிவெடுக்கும் 2.5 விநாடிக்கு 42 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 39. இயந்திரம் அரை விநாடியில் முடிவெடுத்தால் முதல் பகுதி 8 மீட்டராகி, மொத்தம் 48-க்குள் வந்துவிடும். கணக்குச் சரி. ஆனால் சுருங்குவது யோசிக்கும் தூரம் மட்டும். நனைந்த சாலையில் சுமையேற்றிய ட்ரெய்லரின் ஏர் பிரேக் பிடிக்கும் தாமதமும் சறுக்கும் தூரமும் அப்படியே இருக்கும். அதே சாலையில் பழைய லாரி ஒன்று ஓடினாலும் 80 மீட்டரைத் தொடக்கூடாது.

சாலையைப் பேச வைப்பது

கம்பத்துக்குக் கம்பம் ரேடியோப் பெட்டி, கேமரா, சென்சார். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. எண்ணூர்ப் பக்கம் கடல் உப்புக்காற்று, நிலக்கரித் தூசி, அனல்மின் நிலையச் சாம்பல் மூன்றும் ஒன்றாக வீசுகின்றன. லென்ஸ் மங்கும், திருகாணி துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைக்க ஆள் இல்லாவிட்டால், பெட்டி தப்பாகப் பார்த்து வண்டிக்குத் தப்பாகச் சொல்லும். கம்பம் பச்சை என்று சொல்லி, விளக்கு சிவப்பாக இருந்து ஒரு உயிர் போனால் யார் பொறுப்பு என்பதற்கு இங்கே பதில் எழுதப்படவில்லை. வழிநெடுக நடுவதற்கு எங்கள் சம்மதம் இல்லை.

சில இடங்களில் மட்டும் இது மிகவும் பயன்படும். சுரங்கப்பாதை அதில் முதலாவது. தேங்கிய தண்ணீரின் தட்டையான பரப்பில் சாய்வாகப் படும் லைடார் கதிர் பெரும்பாலும் திரும்பி வராது. கேமராவுக்கோ அது ஈரச்சாலை மாதிரியே தெரியும். அரையடியா ஆறடியா என்று வண்டிக்குத் தெரியாது. வியாசர்பாடி ஜீவா, கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் நீர்மட்ட சென்சாரும், அதோடு இணைந்த எண் பலகையும், நுழைவாயிலில் தடைக்கம்பமும் வைத்தால் இன்றைய பைக்காரரும் தப்பிப்பார். இருப்பிடத் துல்லியத்துக்குத் தனிக் கம்பம் தேவையில்லை. செயற்கைக்கோள் சிக்னலைத் தரையில் ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து வாங்கும், இந்திய நில அளவைத் துறையின் கோர்ஸ் நிலையங்கள் தரும் திருத்தத் தகவலை வைத்துச் செ.மீ. அளவுக்கு இறங்கிவிடலாம், மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் செயற்கைக்கோள் மறையும்.

இருக்கிற சாலையை ஒழுங்காக்குவது

இது பத்திரிகையில் படம் வராத வேலை. வரிசை தப்பினால் மொத்தமும் வீண். முதலில் எல்லாத் துறைகளின் தோண்டலும் முடிய வேண்டும்: குடிநீர், கழிவுநீர், மின்கேபிள், மழைநீர் வடிகால். அடுத்து பழைய தளத்தை மில்லிங் செய்து சுரண்டிவிட்டுப் புதுத்தளம். மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீடு தாழும், நடைபாதை விளிம்பு புதையும். அந்த விளிம்பைத்தான் தானோட்டி சாலையின் எல்லையாகப் படிக்கிறது. குறுக்குச் சரிவு 2.5 சதவீதம், மேன்ஹோல் மூடி தளத்தோடு சமமட்டம். மூடி 5 செ.மீ. தாழ்ந்தாலே மனிதர் வளைத்து ஓட்டுவார். பின்னால் வரும் இயந்திரத்துக்கு அந்த வளைப்பின் காரணம் புரியாது.

கோடு கடைசி. உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் பெயிண்ட் 2.5 மி.மீ. தடிமன், மேலே ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி மணி சதுர மீட்டருக்கு 250 கிராம். ஓரக்கோட்டுக்கு 10 செ.மீ. அகலத்தைவிட 15 செ.மீ. நல்லது, கேமரா அதைத் தூரத்திலிருந்தே பிடிக்கும். கெட்டுப்போகும் விதங்கள் எல்லாம் தெரிந்தவைதான். தூசி தட்டாமல் போட்டால் பாளம் பாளமாகப் பெயரும். ஈரத்தில் போட்டால் குமிழ் விடும். மணியைத் தாமதமாகத் தூவினால் ஒட்டாது, பெயிண்ட் அதிகச் சூட்டில் இருந்தால் உள்ளே மூழ்கிவிடும். இரண்டிலும் பகலில் பளிச்சென்று இருக்கும் கோடு இரவில் காணாமல் போகும். ஆகவே பில் பாஸ் பண்ணுவது இரவில், ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்தபின்தான் இருக்க வேண்டும்.

பழைய கோட்டை மறைக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கும் பழக்கம் உடனே நிற்க வேண்டும். மழையிலும் சாய்ந்த வெயிலிலும் அந்தக் கறுப்பு மினுங்கி, வெள்ளைக் கோட்டைவிடத் தெளிவாகத் தெரியும். மனிதர் இரண்டில் எது புதிது என்று ஊகித்துவிடுவார். கேமரா இரண்டையும் நம்பும். தழும்புக் கோட்டை அரைத்து எடுப்பது ஒன்றே வழி.

வேகத்தடைக்கு ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வடிவம் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். தெருவில் நாமே போட்டுக்கொள்ளும் குட்டைத் தடையை லைடார் கீழே கிடக்கும் பொருள் என்று நினைத்து வண்டியை நிறுத்தலாம், இல்லையென்றால் கவனிக்காமலே ஏற்றிவிடலாம். காலி ட்ரெய்லர் அதில் துள்ளினால் கன்டெய்னரைப் பூட்டும் ட்விஸ்ட் லாக்கும் சேஸியும் அடி வாங்கும். கிழக்கு மேற்காகப் போகும் தெருக்களின் சிக்னல் விளக்குக்குப் பின்னால் கறுப்புப் பலகை வேண்டும். காலையில் கடல்பக்கச் சூரியன் நேரே கேமராவில் அடிக்கும். போக்குவரத்துக் காவலர் கைகாட்டும் ஜங்ஷன்கள், திருவொற்றியூர் மாசித் தேரோட்டத்துக்குத் திருப்பிவிடும் நாள்கள், நாளுக்கொரு இடத்தில் நிற்கும் பேரிகேட் ஆகியவற்றுக்குச் சாலை வடிவமைப்பில் பதில் இல்லை. அங்கே வண்டி தானாகவே ஒதுங்கி நின்று மனித உதவி கேட்க ஒரு இடம் வேண்டும்: 3.5 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளத்தில் ஒதுங்குமிடம், கிலோமீட்டருக்கு ஒன்று. இன்று பழுதாகி நடுவழியில் நிற்கும் லாரிக்கும் அதேதான் தேவை.

வேலிக்குள் மட்டும்

துறைமுகத்துக்குள் தானோட்டி என்பது பழைய சரக்கு. ராட்டர்டாமில் 1993-இலிருந்தே ஓட்டுநர் இல்லாத கன்டெய்னர் வண்டிகள் ஓடுகின்றன; சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகம் 2022-இல் அப்படியே திறந்தது. வேலிக்குள் ஆள் குறுக்கே வருவதில்லை என்பதே அங்கே வெற்றிக்குக் காரணம்.

சிரமம் கைமாற்றும் இடத்தில்தான் வரும். வாசலுக்கு வெளியே ட்ரெய்லரை விட்டுவிட்டு ஓட்டுநர் வேறொன்றை எடுத்துப்போக முற்றம் வேண்டும். ஒரு வண்டிக்குத் திரும்பும் பாதையோடு 120 முதல் 150 சதுர மீட்டர். ஐம்பது வண்டிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஏக்கர். அதில் கழிப்பறை, குடிநீர், நிழல். நேரம் ஒதுக்கி வண்டியைக் கூப்பிடும் முறையும் சேர்ந்தால், சாலையோரம் ஒரு வழியையே தின்றுகொண்டு நிற்கும் ட்ரெய்லர் வரிசை குறையும். வாசலில் காகிதம் சரிபார்க்கும் வேகம் மாறாமல் வெளியே எத்தனை வழி போட்டாலும், வரிசையின் அகலம்தான் கூடும்.

ஆக, காசு குறைவாக இருந்தால் முற்றமும் சுரங்கப்பாதை சென்சாரும் முதலில். அதற்குமேல் இருந்தால் தோண்டல், மில்லிங், கோடு. தனி வழியை இப்போது கட்ட வேண்டாம். ஆனால் அதற்கான கதவைச் சாத்திவிடவும் வேண்டாம்: புதுச்சாலை போடும்போது நடைபாதை விளிம்புக்கு அடியில் இரண்டு காலிக் குழாய் புதைத்து வைக்கலாம், சென்டர் மீடியனில் ஆழ அஸ்திவாரம் எதுவும் போடாமல் விடலாம், புதிதாகக் கட்டும் பாலத்துக்கு ஒட்டி வரும் அணியின் சுமையையும் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம். பட்டமந்திரி, வல்லூர்ப் பக்கம் போல வீடுகள் தள்ளியிருக்கும் துண்டுகளில் தனி வழிக்கு ஒருநாள் நியாயம் பிறக்கலாம், திருவொற்றியூருக்குள் பிறக்காது.

கோட்டு வேலைக்கு டெண்டர் ஆகஸ்டில் விட்டால், ஆள் இறங்கும்போது வடகிழக்குப் பருவமழையும் கூடவே இறங்கும். ஜனவரியில் தளம் காய்ந்தபின் தொடங்கி, வெயில் உச்சத்துக்கு ஏறுமுன் முடிக்கும்படி நாள் குறிக்க வேண்டும்.